பெரிய நிறுவனங்களில் ஐபி கேமரா வலையமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி, மருத்துவமனை, நூற்பாலை, கிடங்கு என்று இடம் எதுவாக இருந்தாலும், கண்காணிப்புக் கேமரா திட்டத்துக்கான கூட்டங்களில் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நூறு கேமராக்களுக்கு மேல், பல கட்டடங்கள், தனி ஐடி துறை என்ற அளவில் உள்ள நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதியது இது. சட்டம் பற்றிய பதில்கள் இந்தியாவுக்கு மட்டும் பொருந்தும்.

பழைய சிசிடிவிக்கும் ஐபி கேமராவுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? இரண்டும் படம்தானே எடுக்கிறது?

பழைய அனலாக் கேமரா, தான் கண்டதை மின் சமிக்ஞையாக கோஆக்சியல் கேபிள் வழியே டிவிஆர் என்னும் பதிவுக் கருவிக்கு அனுப்பிவிடும். அதை எண்வடிவமாக்கிச் சுருக்கிச் சேமிக்கும் வேலை முழுவதும் டிவிஆரில் நடக்கும். ஐபி கேமராவில் சுருக்கும் வேலை கேமராவுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அதற்காக உள்ளே ஒரு பிராசசரும் நினைவகமும், பெரும்பாலும் லினக்ஸ் சார்ந்த ஓர் இயங்குதளமும், அமைப்புகளை மாற்றுவதற்கான வெப் சர்வரும் இருக்கின்றன. சந்தைக்கு வந்த முதல் நெட்வொர்க் கேமராவை ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் 1996-இல் வெளியிட்டபோதே இந்த அடிப்படை அமைந்துவிட்டது.

ஆகவே 200 ஐபி கேமராக்கள் வாங்கும் நிறுவனம் உண்மையில் 200 சிறு கணினிகளை வாங்கி, சுவரிலும் கம்பத்திலும் மதிலிலும் மாட்டுகிறது. அலுவலக மேசையில் ஒரு கணினி வைப்பதற்கு ஐடி துறையின் ஒப்புதல் கேட்கும் அதே நிறுவனங்கள், மதில் மேல் 40 கணினிகளை மாட்டும்போது யாரையும் கேட்பதில்லை. கீழே வரும் பதில்களில் பலவும் இதை மறந்ததால் எழுந்த கேள்விகளுக்கானவை.

எத்தனை மெகாபிக்சல் வாங்கினால் முகம் தெளிவாகத் தெரியும்?

மெகாபிக்சலை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பிக்சல்கள் எத்தனை மீட்டர் அகலத்துக்குப் பரவுகின்றன என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும். ஐஇசி 62676-4 என்ற பன்னாட்டுத் தரநிலையின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. யாரோ ஒருவர் அங்கே இருக்கிறார் என்று அறிய மீட்டருக்கு 25 பிக்சல் போதும். ஏற்கெனவே தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125 வேண்டும். முன்பின் அறியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண 250 வேண்டும்.

2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம் கொண்டது. அதை 250-ஆல் வகுத்தால் சுமார் 7.7 மீட்டர். அதாவது ஏழரை மீட்டர் அகல நுழைவாயில் வரைக்கும் அந்தக் கேமராவே முகத்தை அடையாளம் காட்டும். 40 மீட்டர் அகல மைதானத்தை நோக்கித் திருப்பினால் 8 மெகாபிக்சல் கேமராகூட அந்தக் காரியத்தைச் செய்யாது. மைதானத்தின் நடுவே முகம் தேட முயல்வதைவிட, அதற்குள் நுழையும் வாயில்களில் நல்ல லென்ஸ் உள்ள கேமராக்களை முக உயரத்துக்குச் சற்று மேலே வைப்பதே மேல். 15 அடி உயரத்தில் மாட்டிய கேமராவுக்குத் தொப்பியும் உச்சந்தலையும்தான் தெரியும்.

கேமராவுக்கெல்லாம் தனியாகக் கரண்ட் லைன் இழுக்க வேண்டுமா? கேபிள் எவ்வளவு தூரம் போகலாம்?

வேண்டியதில்லை. பிஓஇ முறையில், தரவு செல்லும் அதே நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் செல்கிறது. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரநிலை ஸ்விட்சின் ஒவ்வொரு போர்ட்டிலும் 15.4 வாட் வரை தரும். 2009-இல் வந்த 802.3ஏடி 30 வாட் வரை தரும். சாதாரண நிலைக் கேமராவுக்கு முதலாவதே போதும். சுழன்று பார்க்கும் பிடிஇசட் கேமராவுக்கு இரண்டாவதோ அதற்கும் மேலோ தேவைப்படும்.

இங்கே பலரும் சறுக்கும் இடம், ஸ்விட்ச் மொத்தமாகத் தரக்கூடிய மின்திறன். 24 போர்ட்டிலும் 30 வாட் தரும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும், மொத்தத் திறன் 370 வாட் என்றால் 12 போர்ட்டுகளுக்குத்தான் முழு அளவு கிடைக்கும். பகலில் எல்லாம் சரியாக ஓடி, மாலை ஆறரை மணிக்கு இருட்டியதும் சில கேமராக்கள் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: அந்நேரத்தில் எல்லாக் கேமராக்களின் அகச்சிவப்பு விளக்குகளும் ஒரே சமயத்தில் எரியத் தொடங்குகின்றன.

செம்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர். அதற்கு மேல், அல்லது ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு, ஃபைபர் இழுப்பதே சரி. தூரம் மட்டும் காரணமல்ல. செம்பு, இடி மின்னலின் அதிர்ச்சியை வெளிக் கம்பத்திலிருந்து சர்வர் அறை வரை கொண்டுவந்து சேர்க்கும், ஃபைபர் சேர்க்காது. ஐப்பசி இடிமழையில் ஒரு முறை ஸ்விட்ச் வரிசை எரிந்த நிறுவனம், இதற்கு மேல் விளக்கம் கேட்பதில்லை.

30 நாள் பதிவு வைக்க எவ்வளவு ஹார்டு டிஸ்க் வேண்டும்?

கணக்கு எளியது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் நாள் முழுவதும் பதிவானால் 10.8 ஜிபி ஆகும். எச்.264 சுருக்கத்தில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் ஒரு கேமராவுக்கு 4 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 43.2 ஜிபி. 200 கேமராக்களுக்கு நாளுக்கு 8.64 டிபி, 30 நாளுக்கு ஏறக்குறைய 260 டிபி. எச்.265 சுருக்கத்தைப் பயன்படுத்தினால் இது கணிசமாகக் குறையும். எவ்வளவு என்பது காட்சியைப் பொறுத்தது. ஆள் இல்லாத தாழ்வாரத்தில் நிறையக் குறையும், காற்றில் ஆடும் வேப்பமரத்தைப் பார்க்கும் கேமராவில் அவ்வளவு குறையாது. விற்பனையாளர் தரும் கணக்கை நம்பி முழுத் தொகையையும் செலவிடுவதற்கு முன், ஐந்தாறு கேமராக்களை ஒரு வாரம் ஓடவிட்டு உண்மையான அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

30 நாள் என்பது வழக்கமே தவிர, எல்லா நிறுவனங்களுக்குமான சட்ட எண் அல்ல. வங்கி லாக்கர் அறைகளின் பதிவை 180 நாளுக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021-இல் சொன்னது. காவல் நிலையங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் 18 மாதம் என்றும், அது இயலாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்றும் உத்தரவிட்டது. உங்கள் துறைக்கு உரிய விதி எது என்பதைச் சட்ட ஆலோசகரிடம் கேட்ட பிறகே டெண்டர் எழுதுங்கள்.

டிஸ்க் வாங்கிவிட்டதாலேயே பதிவு இருந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தை விசாரித்த நீதித்துறை நடுவரின் அறிக்கை, அங்கே ஒரு டிபி இடம் இருந்தும் பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் குறிப்பிட்டது. எத்தனை நாள் பழைய பதிவு கைவசம் இருக்கிறது என்பதை மாதம் ஒருமுறை யாராவது திறந்து பார்த்து, கையெழுத்திட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

ரெய்டு போட்டிருக்கிறோம். அது போதும்தானே?

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு முறை, டிஸ்க் பழுதாவதிலிருந்து மட்டுமே காக்கும். ரெய்டு 5 ஒரு டிஸ்க் போவதைத் தாங்கும், ரெய்டு 6 இரண்டைத் தாங்கும். பெரிய கொள்ளளவுள்ள டிஸ்க் ஒன்றை மாற்றி மீட்டெடுக்க நாள் கணக்கில் ஆகலாம். அந்நேரத்திலும் 200 கேமராக்களின் பதிவு இடைவிடாமல் எழுதப்பட்டுக்கொண்டே இருப்பதால் மற்ற டிஸ்க்குகளின் சுமை கூடும். ஆகவே இந்த அளவுக்கு ரெய்டு 6-ஐயும் கண்காணிப்புக்கென்றே செய்யப்படும் டிஸ்க்குகளையும் பரிந்துரைக்கிறேன். தீ, திருட்டு, தவறுதலாக அழித்தல், ரான்சம்வேர் ஆகிய எதற்கும் ரெய்டு மருந்தல்ல. நிகழ்வு நடந்த காட்சிகளை மட்டுமாவது வேறு கட்டடத்தில் உள்ள சர்வருக்குப் பிரதி எடுத்து வையுங்கள்.

ஆபீஸ் நெட்வொர்க்கிலேயே கேமராவையும் மாட்டிவிட்டால் செலவு மிச்சம்தானே?

கேபிளும் ஸ்விட்சும் ஒன்றாக இருக்கலாம். நெட்வொர்க் ஒன்றாக இருக்கக் கூடாது. மேலே சொன்ன கணக்கின்படி 200 கேமராக்கள் சேர்ந்து நொடிக்கு 800 மெகாபிட் அனுப்புகின்றன. ஒரு ஜிகாபிட் இணைப்பில் இது ஓடினால், சம்பளப் பட்டியல் திறக்க மறுக்கும் காலை வேளைகள் வரும். இது சிறிய பிரச்சினை. மையக் கட்டடத்துக்கு 10 ஜிகாபிட் ஃபைபர் போட்டால் தீர்ந்துவிடும்.

பெரிய பிரச்சினை வேறு. பிரிக்கப்படாத நெட்வொர்க்கில் ஒரு கருவி தாக்குபவரின் கையில் விழுந்தால் அங்கிருந்து எல்லாவற்றுக்கும் வழி கிடைத்துவிடும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டு, வெளிநோயாளிகள் பதிவு முதல் ஆய்வக முடிவுகள் வரை கையால் எழுத வேண்டிய நிலை ஏற்பட்டபோது, நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அங்கே கேமரா வழியாக யாரும் நுழைந்ததாகச் செய்தியில்லை. நான் அதை எடுத்துக்காட்டுவது, பிரிவினை இல்லாத நெட்வொர்க்கின் விலை எவ்வளவு என்பதற்காக.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது: கேமராக்களுக்குத் தனி விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்து அமைக்கும் தனி நெட்வொர்க்), பதிவு சர்வர்களுக்கு இன்னொன்று, கன்ட்ரோல் ரூம் கணினிகளுக்கு மற்றொன்று. இவற்றுக்கு நடுவே ஃபயர்வால். கேமராவிலிருந்து பதிவு சர்வருக்கும், நேரம் தரும் சர்வருக்கும் மட்டும் அனுமதி. கேமராவிலிருந்து இணையத்துக்கோ அலுவலகக் கணினிகளுக்கோ எதுவும் செல்லக் கூடாது. ஒரு கேமரா பக்கத்துக் கேமராவோடு பேச வேண்டிய தேவையும் பொதுவாக இல்லை என்பதால் அதையும் ஸ்விட்சிலேயே தடுத்துவிடலாம். விலான் பிரித்துவிட்டு, அவற்றுக்கு நடுவே எல்லாவற்றையும் அனுமதிக்கும் ஒரு விதியை எழுதி வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. பெயருக்குப் பிரித்தது அது.

எங்கள் மாட்டு வண்டி நிறுத்துமிடத்தை எவன் ஹேக் செய்து பார்க்கப் போகிறான்?

பெரும்பாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. தாக்குபவருக்குத் தேவை உங்கள் படமல்ல, உங்கள் கேமராவுக்குள் இருக்கும் கணினி. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயரும் பாஸ்வேர்டும் மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர்களையும் இணையத்தில் தேடிப் பிடித்தது. அதற்கு அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளின் பட்டியலே போதுமானதாக இருந்தது. அவ்வாறு சேர்த்த கருவிகளின் படை, அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையதளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவை நடத்தும் டைன் (Dyn) நிறுவனத்தின் மீது ஏவப்பட்டபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. அந்தக் கேமராக்களின் உரிமையாளர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் கருவி அதில் பங்கெடுத்தது இன்றுவரை தெரிந்திருக்காது, ஏனெனில் படம் வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்தது.

எங்கள் கேமராவுக்கு இன்டர்நெட்டே கொடுக்கவில்லை. அப்புறம் என்ன பயம்?

மிராய் போன்ற கண்மூடித்தனமான தேடலிலிருந்து நீங்கள் தப்பித்துவிட்டீர்கள். அது உண்மையிலேயே பெரிய பாதுகாப்பு. ஆனால் நெட்வொர்க்குக்குள் வர இணையம் ஒன்றே வழியல்ல. மதிலுக்கு வெளியே, கை எட்டும் உயரத்தில் ஒரு கேமரா இருக்கிறதென்றால், அதன் பின்னால் உங்கள் நெட்வொர்க்கின் ஒரு கேபிள் தெருவில் தொங்குகிறது என்று பொருள். கேமராவைக் கழற்றி மடிக்கணினியைச் செருகுவதற்கு ஓர் ஏணி போதும்.

இதற்கு மருந்து 802.1எக்ஸ் என்னும் ஏற்பாடு. ஒவ்வொரு கேமராவிலும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் ஏற்றப்பட்டிருக்கும். அதைக் காட்டிய கருவிக்கு மட்டுமே ஸ்விட்ச் போர்ட் திறக்கும். கேமராவின் நெட்வொர்க் அடையாள எண்ணான மேக் முகவரியை மட்டும் பார்த்து அனுமதிக்கும் முறை இதைவிட மலிவு. ஆனால் அந்த முகவரி கேமராவின் ஒட்டுத்தாளிலேயே அச்சிட்டிருப்பதால், அதைப் போலியாகக் காட்டுவது கடினமல்ல. 802.1எக்ஸ் இயலாத இடங்களில், இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் அந்தப் போர்ட் தானாக மூடிக்கொண்டு கன்ட்ரோல் ரூமுக்கு எச்சரிக்கை வரும்படியாவது அமையுங்கள். இது தவிர, பழுது பார்க்க வருபவரின் மடிக்கணினியும் பென் டிரைவும் எந்த ஃபயர்வாலையும் கடக்காமலேயே உள்ளே வந்துவிடுகின்றன. அவருக்கென்று நிறுவனமே ஒரு கணினி வைத்திருப்பது நல்லது.

சேர்மன் ஐயா வீட்டிலிருந்து போனில் பார்க்க வேண்டும் என்கிறார். முடியாது என்று எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டியதில்லை, பாதுகாப்பாகப் பார்க்க வழி இருக்கிறது. செய்யக் கூடாதவை இரண்டு. முதலாவது, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து, ஐபி கேமராக்களின் பதிவுக் கருவியான என்விஆரை நேரடியாக இணையத்தில் திறந்துவிடுவது. அப்படித் திறந்த கருவியை, இணையம் முழுவதையும் ஓயாமல் துழாவும் நிரல்கள் விரைவிலேயே கண்டுபிடித்துவிடும். இரண்டாவது, க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால் படம் வந்துவிடும் பி2பி சேவை. இதில் உங்கள் ஃபயர்வால் விதிகளைத் தாண்டி, தயாரிப்பாளரின் சர்வர் நடுவில் நிற்கிறது. அந்தச் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, யார் பார்க்கலாம் என்பது உங்கள் கையில் இல்லை.

சரியான வழி: வெளியிலிருந்து மறைக்குறியாக்கப்பட்ட பாதையில் உள்ளே வரும் நிறுவனத்தின் விபிஎன், அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதன் வழியே கேமராக்களை நிர்வகிக்கும் விஎம்எஸ் மென்பொருளின் மொபைல் சர்வர். ஐயாவின் போனில் ஒரு பொத்தான் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். அவருக்கு நிர்வாகி உரிமை கொடுக்காதீர்கள். அவர் பார்க்க விரும்பும் எட்டுப் பத்துக் கேமராக்களைப் பார்க்கும் உரிமை மட்டும் போதும். பதவி உயர உயர உரிமையும் உயர வேண்டும் என்ற எண்ணம் மென்பொருளுக்குப் பொருந்தாது.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம். இன்னும் என்ன?

பாஸ்வேர்டே தேவைப்படாத ஓட்டைகள் உண்டு. 2021 செப்டம்பரில் வெளிவந்த சிவிஇ-2021-36260 என்ற குறைபாடு அத்தகையது: சீன நிறுவனமான ஹிக்விஷனின் பல மாடல்களில், பயனர்பெயரோ பாஸ்வேர்டோ இல்லாமலேயே கேமராவின் வெப் சர்வருக்கு ஒரு கட்டளையை அனுப்பி, அதை முழுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடிந்தது. பத்துக்கு 9.8 என்ற தீவிர மதிப்பு அதற்கு அளிக்கப்பட்டது. நிறுவனம் திருத்திய ஃபர்ம்வேரை, அதாவது கேமராவுக்குள் இயங்கும் அடிப்படை மென்பொருளை, வெளியிட்டது. ஆனால் அதை ஒவ்வொரு கேமராவிலும் ஏற்ற வேண்டியது வாங்கியவரின் பொறுப்பு. எந்தக் கேமரா, எந்த மாடல், எந்த ஃபர்ம்வேர் பதிப்பு என்ற பட்டியல் கையில் இல்லாத நிறுவனத்தால் அதைச் செய்யவே முடியாது. அந்தப் பட்டியல்தான் முதல் வேலை.

பாஸ்வேர்டைப் பற்றியும் ஒரு சொல். 200 கேமராக்களுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து, அதை நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் சேர்த்து அமைப்பது ஒரு தேசியப் பழக்கமாகவே ஆகிவிட்டது. எல்லாவற்றையும் திறக்கும் ஒரே சாவி எவ்வளவு ஆபத்தானது என்பதை 2021 மார்ச்சில் அமெரிக்காவின் வெர்காடா என்ற கேமரா நிறுவனத்தில் பார்த்தோம். உயர்நிலை நிர்வாகி அணுகல் வெளியாரின் கையில் சிக்கியதால், மருத்துவமனைகள், சிறைகள், பள்ளிகள் உட்பட ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கேமராக்களின் நேரலை அவர்களுக்குத் திறந்துகொண்டது. விஎம்எஸ் மென்பொருள்கள் பலவற்றில் கேமராவுக்கொரு பாஸ்வேர்டைத் தானாக உருவாக்கி மாற்றும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஊழியர்களுக்குப் பொதுக் கணக்கு கொடுக்காதீர்கள், ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள்.

சீனக் கேமரா வாங்கலாமா, கூடாதா? நேராகச் சொல்லுங்கள்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இப்போது நாட்டின் பெயரைவிடச் சோதனைச் சான்றிதழே பதில். மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட ஆணை, சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புத் தேவைகளை வகுத்து, 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. பழுது பார்ப்பதற்காகச் சர்க்யூட் பலகையில் விடப்படும் நுழைவாய்கள் மூடப்பட்டிருக்கின்றனவா, ஃபர்ம்வேர் கையொப்பம் சரிபார்க்கப்படுகிறதா, தரவு மறைக்குறியாக்கப்படுகிறதா, பாகங்கள் எங்கிருந்து வருகின்றன என்பனவெல்லாம் அதில் அடங்கும். அமெரிக்கா 2018-இலேயே சட்டம் இயற்றி ஹிக்விஷன், டாஹுவா ஆகிய சீன நிறுவனங்களை அரசுக் கொள்முதலிலிருந்து விலக்கியது.

என் கருத்து: சான்றிதழ் இல்லாததை எந்த விலைக்கும் வாங்காதீர்கள், சான்றிதழ் இருப்பதாலேயே நெட்வொர்க் பிரிவினையைக் கைவிடாதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருக்கும் பழைய கேமராக்களை ஒரே நாளில் கழற்றப் பணம் இல்லையென்றால், அவை இணையத்தைத் தொட முடியாத விலானில் இருந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

வெவ்வேறு கம்பெனிக் கேமராக்கள் ஒரே மென்பொருளில் வேலை செய்யுமா?

பொதுவாகச் செய்யும். ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகியவை சேர்ந்து 2008-இல் தொடங்கிய ஆன்விஃப் அமைப்பின் தரநிலைகள் இதற்காகவே உள்ளன. ஆனால் "ஆன்விஃப் உண்டு" என்று அட்டையில் எழுதியிருப்பது போதாது; எந்த ப்ரொஃபைல் என்று கேளுங்கள். எஸ் அடிப்படை ஒளிபரப்புக்கு, ஜி பதிவுக்கு, டி (T) என்பது எச்.265 உள்ளிட்ட மேம்பட்ட ஒளிபரப்புக்கு, எம் பகுப்பாய்வுத் தகவலுக்கு. ஆன்விஃப் தளத்தின் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கொள்முதல் ஆணை போடுங்கள். ஒரு நிறுவனத்துக்கே உரிய சிறப்பு வசதிகள் அடுத்தவர் மென்பொருளில் வராமல் போகலாம் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமராவில் நேரம் கொஞ்சம் தப்பாகக் காட்டுகிறது. அதனால் என்ன ஆகிவிடப் போகிறது?

பதிவு சாட்சியாக வேண்டிய நாளில் எல்லாம் ஆகிவிடும். வருகைப் பதிவுக் கருவி ஒரு நேரமும், வாயில் கேமரா இன்னொரு நேரமும், சர்வர் பதிவேடு மூன்றாவது நேரமும் காட்டினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேறெதையும் கேட்க வேண்டியதில்லை. நேரம் சரியாக இரண்டரை மணி முன்னால் ஓடினால் கருவி பெய்ஜிங் நேரத்திலேயே விடப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அதை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த வழிகாட்டுதல்கள், கணினிக் கருவிகளின் கடிகாரத்தைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி (நேரம் தரும்) சர்வர்களோடு இசைவிக்கச் சொல்கின்றன. கேமராக்களுக்கு இணையம் இல்லை என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதால், நிறுவனத்துக்குள் ஒரு என்டிபி சர்வரை வைத்து, அது மட்டும் வெளியிலிருந்து நேரம் பெற்றுக் கேமராக்களுக்குத் தரும்படி அமைக்க வேண்டும்.

போலீஸ் கேட்டால் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாமா?

எழுத்துப்பூர்வமான கோரிக்கையைப் பெற்றுக்கொண்டு கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் பென் டிரைவ் மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது. மூலக் கருவியையே நீதிமன்றத்தில் வைக்காத நிலையில், மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, அந்தச் சான்றிதழை இரண்டு பகுதிகளாக்கியிருக்கிறது: ஒன்றைக் கருவிக்குப் பொறுப்பானவரும் மற்றொன்றை வல்லுநரும் கையொப்பமிட வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) அதில் எழுத வேண்டும்.

எனவே ஏற்றுமதி செய்த உடனேயே ஷா-256 ஹாஷைக் கணக்கிட்டு, யார் எடுத்தார், எந்த நாள், எந்தக் கேமரா, யாரிடம் கொடுத்தார் என்று பதிவேட்டில் எழுதுங்கள். ஒரு பிரதியை நிறுவனத்திலேயே பூட்டி வையுங்கள். விஎம்எஸ்ஸில் அந்தப் பகுதியைத் தானாக அழியாதபடி பூட்டவும் மறக்காதீர்கள். வழக்கு நடக்கும்போது 31-ஆம் நாள் மூலப் பதிவின் மேல் புதிய பதிவு எழுதப்பட்டுவிட்டது என்று சொல்ல நேர்வது சங்கடமானது.

எங்கெல்லாம் கேமரா வைக்கக் கூடாது? பேச்சையும் பதிவு செய்யலாமா?

கழிப்பறை, உடைமாற்றும் அறை, நோயாளியைப் பரிசோதிக்கும் அறை, விடுதி அறையின் உள்பகுதி ஆகியவற்றில் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் உள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனையின் உள்காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளிவந்தபோது, எல்லோரும் ஹேக்கரைத் தேடினார்கள். அந்த அறையில் கேமரா இருந்திருக்கவே கூடாது என்பது அதற்கு முந்தைய கேள்வி. இல்லாத பதிவு கசிவதில்லை.

ஒலிப்பதிவைப் பொதுவாக அணைத்துவிடுங்கள். பல கேமராக்களில் மைக் இருப்பதே நிறுவனத்துக்குத் தெரிவதில்லை. அடையாளம் காணக்கூடிய முகம் தனிநபர் தரவு என்பதால், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும். போதிய பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அது இடமளிக்கிறது. "இங்கே கண்காணிப்பு உண்டு" என்ற பலகையைத் தமிழில், பார்க்கும் உயரத்தில் வையுங்கள்.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு? செக்யூரிட்டி துறையா, ஐடி துறையா?

எதைப் பார்க்க வேண்டும், யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைக்க வேண்டும் என்பதைப் பாதுகாப்புத் துறை முடிவு செய்யட்டும். நெட்வொர்க், கணக்குகள், ஃபர்ம்வேர், சேமிப்பு ஆகியவை ஐடி துறையுடையவை. இதை எழுதி மேலதிகாரியின் கையெழுத்து வாங்காவிட்டால், இரண்டு துறைகளும் இது மற்றவருடையது என்று நினைக்கும் பகுதிதான் வளர்ந்துகொண்டே போகும். பெரும்பாலும் ஃபர்ம்வேர் அந்தப் பகுதியில்தான் கிடக்கிறது.

ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் இரண்டு துறைகளுக்கும் மாற்றல்ல. அது தொலைவிலிருந்து உள்ளே வர வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் கேட்டு, நேர எல்லையோடு திறந்து, வேலை முடிந்ததும் மூடும்படி அமையுங்கள். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் அங்காடிகளில் 4 கோடி அட்டைகளின் விவரம் திருடுபோனதன் தொடக்கம், குளிர்சாதன ஒப்பந்ததாரர் ஒருவரின் பயனர் கணக்கு.

ஒரு கேமரா ஹேக் ஆகிவிட்டது போலத் தெரிகிறது. உடனே ரீசெட் செய்துவிடலாமா?

கூடாது. ரீசெட் செய்தால் யார், எப்படி வந்தார் என்பதற்கான தடயம் கேமராவின் நினைவகத்திலிருந்து போய்விடும். மின்சாரத்தை நிறுத்தினாலும் அப்படியே, ஏனெனில் மிராய் போன்ற தீநிரல்கள் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருப்பவை. மறுதொடக்கத்தில் அவை மறைந்துவிடும், ஓட்டை அடைபடாததால் திரும்பவும் வந்துவிடும். ஸ்விட்சில் அந்தப் போர்ட்டைத் தனித்த ஒரு விலானுக்கு மாற்றி, பிஓஇ மின்சாரம் தொடரும்படி விடுங்கள். கேமராவுக்கு உயிர் இருக்கும், ஆனால் யாரோடும் பேச முடியாது.

பிறகு ஃபயர்வால், ஸ்விட்ச், விஎம்எஸ் ஆகியவற்றின் பதிவேடுகளைப் பிரதி எடுங்கள். முன்பு குறிப்பிட்ட செர்ட்-இன் வழிகாட்டுதல்கள் இவற்றை 180 நாள் வைத்திருக்கவும், இத்தகைய நிகழ்வு தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் கட்டாயப்படுத்துகின்றன. பொருட்களின் இணையத்தைச் சேர்ந்த கருவிகள் மீதான தாக்குதலும் அந்தப் பட்டியலில் உண்டு. 6 மணி நேரத்தில் முழு விசாரணை முடியாது. தெரிந்த அளவை முதலில் தெரிவித்துவிட்டு, மற்றதைப் பின்னால் சேர்க்கலாம். அந்தக் கேமராவின் பாஸ்வேர்டே வேறு எங்கெல்லாம் பயன்பட்டது என்று அன்றே தேடி மாற்றுங்கள். தடயம் எடுத்து முடிந்த பிறகு, திருத்திய ஃபர்ம்வேரை ஏற்றி, புதிய சான்றிதழோடு மட்டுமே அந்தக் கேமராவைப் பழைய விலானுக்குத் திருப்புங்கள். தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு ஃபர்ம்வேர் வெளியிடுவதை நிறுத்திவிட்டிருந்தால், அதைத் திரும்ப மாட்டாதீர்கள்.